காலுக்கு மட்டும் வரன் அமையவில்லை

எங்கள் ஜிம்மில் பொருத்தம் பார்ப்பவர் ஒருவர் உண்டு. எந்தத் தசைக்கு எந்தத் தசை ஜோடி, எந்தக் கிழமை உகந்தது, எல்லாம் அவரிடம் எக்செல்லில் இருக்கிறது. கேட்க வேண்டாம். பக்கத்தில் நின்றால் போதும், போனை எடுத்துவிடுவார்.

"பெஞ்ச் பிரஸ் அடிக்கும்போதே ட்ரைசெப்ஸ் பாதி வேலை பாத்துடும் தம்பி. மிச்சத்தையும் அன்னிக்கே முடிச்சிட்டா நாளைக்கு அதுக்கு ரெஸ்ட். ரோயிங், புல்-அப்னு இழுக்கிறப்ப பைசெப்ஸ் தானா வரும். அதனால பேக்கும் பைசெப்ஸும் ஒரு நாள்." திங்கள், செவ்வாய் ஆச்சா? புதன் லெக், கூடவே ஷோல்டர். இதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. எரிச்சலே அதுதான்.

திங்கள் செஸ்ட் நடக்கும், அமோகமாக. செவ்வாய் பேக்கும் நடக்கும். செவ்வாய் ராத்திரி ஞானோதயம் வரும். பெஞ்ச் பிரஸ்ஸில் முன்தோளும்தானே வேலை செய்கிறது, அப்படியானால் ஷோல்டர் திங்கட்கிழமைக்கல்லவா போக வேண்டும்? போய்விடும். லெக் தனியாக நிற்கும். தனியாக விடலாமா? வயிற்றோடு சேர்க்கலாமா, கெண்டைக்காலைத் தனியே பிரிக்கலாமா என்று யோசித்து யோசித்து அட்டவணையே மாறிவிடும். புது அட்டவணையைப் புதன்கிழமை ஆரம்பிப்பார்களா யாராவது? திங்கட்கிழமைதான். திங்கள் என்றால் செஸ்ட்.

போன மாதம் அட்டவணைக்குள் அர்னால்ட் வந்து சேர்ந்தார். "ஏழு தடவை மிஸ்டர் ஒலிம்பியா! அவரே செஸ்டையும் பேக்கையும் ஒண்ணாத்தான் போட்டாரு. இது தள்ளும்போது அது ரெஸ்ட் எடுக்கும், நேரம் மிச்சம்." வாஸ்தவம். மிச்சமான நேரத்தில் அடுத்த அட்டவணைக்கு நிறம் தீட்டினார். செஸ்டுக்குச் சிவப்பு, பேக்குக்கு நீலம், லெக்குக்கு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத ஒரு வெளிர்மஞ்சள். சித்திரை வெயிலிலும் அவர் ஏன் முழுநீள டிராக் பேன்ட்டில் வருகிறார் என்று யாரும் கேட்பதில்லை.

ஆள் நல்லவர், அதையும் சொல்ல வேண்டும். ஒல்லியாக ஒரு கல்லூரிப் பையன் உள்ளே நுழைந்தால் தன் செட்டைப் பாதியில் விட்டுவிட்டு ஓடுவார். காசில்லாமல் அட்டவணை எழுதித் தருவார். "முட்டை சாப்பிடு, சுண்டல் சாப்பிடு, டப்பா வாங்கி ஏமாறாதே" என்பார். ஒவ்வொரு தசையும் வாரம் இரண்டு முறை வரும்படி அவர் எழுதிக் கொடுத்ததை மாற்றாமல் பிடித்துக்கொண்ட பையன்களுக்கு இன்று ஜீன்ஸ் தொடையில் ஏற மறுக்கிறது.

எல்லாம் சரி. ஆனால் சாயங்காலம் ஆறரை மணிக்கு, இருக்கிற ஒரே பெஞ்சில், துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டு இந்தத் திட்டமிடல் எதற்கு? பின்னால் நாலு பேர் நிற்கிறோம். மாதச் சந்தா நாங்களும்தான் கட்டுகிறோம். நின்றுகொண்டே பிளான் போடுங்கள் அண்ணே, காலுக்கும் ஏதோ வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.