கப்பாடா, தரங்கம்பாடியா?

கோயமுத்தூர்க்காரனுக்கு மலைக்குப் போக யோசனையே தேவையில்லை. மேற்கே திரும்பினால் வெள்ளிங்கிரி, வடக்கே ஊட்டி, தெற்கே வால்பாறை. விடியக் கிளம்பி, மத்தியானம் குளிரில் நடுங்கி, ராத்திரி வீட்டுக்கு வந்து அரிசிம்பருப்புச் சாதத்தில் நெய் ஊற்றிச் சாப்பிட்டுப் படுத்துவிடலாம். கடல் அப்படி இல்லை. அதற்குப் பட்டறையைச் சாத்த வேண்டும், துணிமணி எடுத்து வைக்க வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலே, அங்கே போய் என்ன செய்யப்போகிறாய் என்ற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும்.

"ஒண்ணும் செய்யறதில்லம்மா. ரெண்டு மூணு நாள் சும்மா உக்காந்துட்டு வரலாம்னு" என்றேன். அம்மா என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

சும்மா உட்கார்வதை எங்கள் பக்கம் நோய்க்குறியாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். ஒருத்தனை "சோலி இல்லாதவன்" என்று சொல்லிவிட்டால் அவனுக்குப் பெண் கொடுக்க மாட்டார்கள். கணபதியில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை. பராமரிப்பு வேலை என்று அவ்வப்போது ஒருநாள் கரண்டை நிறுத்துவார்களே, அதுதான் எங்களுக்கு விடுமுறை. அன்றைக்கும் பக்கத்துப் பட்டறைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டு நம்மை ஒரு பார்வை பார்ப்பார். பொங்கல், தீபாவளி நோம்பிக்குச் சாத்தினால் வீடு நிறைய ஒறம்பரை. ஊட்டிக்குப் போனாலோ, பர்லியாறு தாண்டுவதற்குள் தெரிந்த முகம் நாலு கண்ணில் பட்டு, அதில் ஒருவர் பாக்கிப் பணத்தை ஞாபகப்படுத்திவிடுவார். அதனால்தான் கடல் என்று முடிவு செய்தேன்.

எந்தக் கடல் என்பதில் ஆரம்பித்தது வினை. இரண்டு கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஊர் எங்களுடையது. பாலக்காட்டுக் கணவாய் முப்பது நாற்பது கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. ஆடியில் எங்கள் ஊர்த் தகரக் கூரையைத் தூக்கிப் பார்க்கிற காற்று அரபிக்கடலில் இருந்து அந்த வழியாகத்தான் வருகிறது. இந்தப் பக்கம், வெள்ளிங்கிரியில் பிறக்கும் நொய்யல் காவிரியில் கலந்து பூம்புகாரில் வங்கக்கடலைப் பார்க்கப் போகிறது. காற்று ஒரு கடலிலிருந்து வருகிறது, தண்ணீர் இன்னொரு கடலுக்குப் போகிறது. மனுஷன் மட்டும் நடுவில் பட்டறை போட்டு உட்கார்ந்துவிட்டான்.

இது இன்று நேற்றுப் பழக்கமில்லை. ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் முசிறியில் இறங்கிய சரக்கு, கணவாய் வழியாக வந்து, நொய்யல் கரைக் கொடுமணலைத் தொட்டு, கரூர் தாண்டிப் பூம்புகார் வரைக்கும் போயிருக்கிறது. சுண்டக்காமுத்தூர்ப் பக்கம் ராஜகேசரிப் பெருவழி என்று பாறையில் வெட்டிவைத்த சோழர் காலக் கல்வெட்டு இருக்கிறது. கொடுமணலில் அப்போதே பட்டறை போட்டுக் கல்மணி அறுத்திருக்கிறார்கள். வெள்ளலூரில் 1842-ல் ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாகக் கிடைத்தன. (இன்றைக்கு வெள்ளலூர் என்றால் ஞாபகம் வருவது மாநகராட்சிக் குப்பைக் கிடங்கு; காசைப் புதைத்த இடத்தில் இப்போது எதைப் புதைக்கிறோம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.) கடல் தாண்டி வந்தவனிடம் காசை எண்ணி வாங்கிப் பத்திரமாகப் புதைத்த எங்கள் மூதாதைகளில் ஒருத்தராவது, "ஏனுங்க, நீங்க வந்த கடலு எப்படி இருக்கும், சித்தே காட்டுங்க" என்று அவன் கூடப் போயிருப்பாரா? சந்தேகம்தான். போய்விட்டால் பட்டறையை யார் பார்ப்பது?

கோவா, கோவளம், மாமல்லபுரம் எல்லாம் கூட்டம் என்று எடுத்த எடுப்பிலேயே தள்ளிவிட்டோம். கடைசியில் நின்றவை ரெண்டு. மேற்கே, கோழிக்கோட்டுக்கு வடக்கே கப்பாடு. கிழக்கே தரங்கம்பாடி.

என் மனைவி கப்பாட்டுக் கட்சி. காரணம், சூரியன். "ஏனுங்க, தரங்கம்பாடின்னா சூரியன் உதிக்கறதப் பாக்கோணும். அதுக்கு அஞ்சு மணிக்கு எந்திரிக்கோணும். அதத்தான் வருசம் பூரா வீட்ல செய்யறனே! கப்பாட்டுல சாயங்காலம் அதுவா வந்து முழுகும், நாம டீயக் குடிச்சுட்டே பாத்துக்கலாம்." இதை மறுத்துப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. தூரமும் அவர் பக்கம்தான் பேசியது. பாலக்காடு, ஷொறணூர், திரூர் என்று ரயிலில் அரை நாளுக்குள் கோழிக்கோடு போய்விடலாம். தரங்கம்பாடி 350 கிலோமீட்டருக்கு மேல். மயிலாடுதுறை ஜனசதாப்தியில் ஏறி, கரூர், திருச்சி, தஞ்சாவூர், கும்பகோணம் எல்லாவற்றையும் ஜன்னலோரம் பார்த்து முடித்து, அங்கிருந்து பஸ் பிடிக்க வேண்டும். ஒரு காலத்தில் மயிலாடுதுறையில் இருந்து தரங்கம்பாடிக்கே மீட்டர்கேஜ் ரயில் ஓடியது. இப்போது அந்தத் தண்டவாளமும் இல்லை.

கப்பாடு லேசுப்பட்ட ஊர் இல்லை. 1498 மே மாதம் வாஸ்கோ ட காமா வந்து இறங்கியதைச் சொல்லி அங்கே ஒரு தூண் நட்டிருக்கிறார்கள். கப்பல் உண்மையில் நங்கூரம் போட்டது பக்கத்துப் பந்தலாயினியில் என்று வாதாடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. தூணுக்கு அதெல்லாம் தெரியாது. 2020-ல் இந்தியாவில் முதன்முதலாக நீலக்கொடிச் சான்றிதழ் வாங்கிய எட்டுக் கடற்கரைகளில் கப்பாடும் ஒன்று. அதாவது சுத்தம், நடைபாதை, குளியலறை, காவலாள், விசில். அந்த விசில்தான் எனக்கு இடித்தது. மில் சங்கு கேட்டு வளர்ந்தவன் நான். எங்கே ஊதினாலும் கால் தன்னால் ஷிப்டுக்குக் கிளம்பும்.

அதோடு, கோழிக்கோடு பக்கத்தில் இருக்கும்போது கப்பாட்டில் எப்படிச் சும்மா உட்கார்வது? மிட்டாய்த் தெருவுக்குப் போய் அல்வா வாங்காமல் வந்தால் ஊருக்குள் விடுவார்களா? விஷயம் கசிந்த அன்று சாயங்காலமே கொழுந்தியா வீட்டுக்குக் கறுப்பு அல்வா, சித்தி வீட்டுக்குச் சிப்ஸ் என்று பட்டியல் வந்துவிட்டது. அம்மாவோ, "அந்தப் பக்கம் போறதுன்னா குருவாயூர் இறங்காமப் போறதா?" என்றார். அதிகாலை நிர்மால்ய தரிசனத்துக்கு மூன்று மணிக்கு வரிசையில் நிற்க வேண்டும் என்றதும், அஞ்சு மணிக்கே எந்திரிக்க மாட்டேன் என்ற என் மனைவி கட்சி மாறினார்.

தரங்கம்பாடியைப் பற்றி எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு. எல்லா வெள்ளைக்காரனும் இந்தியாவைப் பிடிக்க வந்தபோது, டேனிஷ்காரர்கள் மட்டும் ஒரு மூலையில் அடக்கமாகக் கடை போட்ட ஊர் அது. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கிக் கோட்டை கட்டினார்கள். 1706-ல் சீகன்பால்கு வந்து இறங்கி, தமிழ் படித்து, அச்சகம் வைத்து, 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1845-ல் எல்லாவற்றையும் மூட்டை கட்டி, வங்கத்துச் செராம்பூரையும் சேர்த்து, 12.5 லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரனிடம் விற்றுவிட்டுப் போய்விட்டார்கள். கோட்டை, கடல், துறைமுகம் எல்லாம் அடக்கம். ரேஸ்கோர்ஸ் பக்கம் இன்றைக்கு அந்தக் காசை வைத்துக்கொண்டு ஒரு சென்ட்டுக்கு விலை கேட்டால் தரகர் போனை வைத்துவிடுவார்.

இதே சமயத்தில் அமெரிக்காவில் இருக்கும் என் அக்கா மகன் கூப்பிட்டான். அவனுக்கும் இதே பிரச்சினை. கரீபியன் கடலுக்கு விடுமுறை போகிறானாம். செயின்ட் ஜானா, செயின்ட் க்ராயா, எது அமைதியாக இருக்கும் மாமா என்றான். கணபதியில் உட்கார்ந்திருப்பவனிடம் கேட்கிற கேள்வியா என்று தோன்றும். ஆனால் எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அந்த ரெண்டு தீவும் நம்ம தரங்கம்பாடி முதலாளிகளுடையவைதான். 1917-ல் டென்மார்க் அவற்றை, செயின்ட் தாமஸையும் சேர்த்து, 2.5 கோடி டாலருக்கு அமெரிக்காவிடம் விற்றது. ஜான் சின்னத் தீவு, பாதிக்கு மேல் தேசியப் பூங்கா. க்ராய் பெரிசு, ஊரும் கடைகளும் உண்டு. "பூங்கா, மணல் எல்லாம் ரெண்டாவது சாமி. எந்தத் தீவுல நம்ம ஊர்க்காரங்க இல்லையோ, அங்க போ" என்றேன். அவன் சிரித்தான். கல்யாணம் ஆகாத பையன், சிரிக்கத்தான் செய்வான்.

எனக்கு அந்த வசதி இல்லை. தரங்கம்பாடி என்று முடிவாகி டிக்கெட் பார்க்க உட்கார்ந்தபோது அம்மா கேட்டார்: "அது திருக்கடையூருக்குப் பக்கத்துலதான கண்ணு?"

முடிந்தது கதை. அறுபதாம் கல்யாணமும் எண்பதாம் கல்யாணமும் செய்ய உலகத்தில் உள்ள அத்தனை தமிழர்களும் போகிற திருக்கடையூர், தரங்கம்பாடியில் இருந்து ஏழெட்டு கிலோமீட்டர்தான். காங்கேயத்துப் பெரியப்பாவுக்கு அந்தத் தையில் எண்பது. அது போதாதென்று நவக்கிரகத்தில் நாலு பேர் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்கிறார்கள்: வைத்தீஸ்வரன்கோயிலில் செவ்வாய், திருவெண்காட்டில் புதன், கீழப்பெரும்பள்ளத்தில் கேது, திருநள்ளாற்றில் சனி. குடும்பத்தில் ஆளுக்கொரு கிரகத்தோடு கணக்கு பாக்கி இருந்தது. ஜனசதாப்தியில் ரெண்டு டிக்கெட், டெம்போ டிராவலர் ஆனது. டெம்போ நிறைந்து பின்னால் ஒரு காரும் வந்தது.

சதாபிஷேகம் நன்றாகவே நடந்தது. கலசத்தண்ணீர் தலையில் சொட்டச் சொட்டப் பெரியப்பாவைத் தரங்கம்பாடிக் கரைக்கு அழைத்துப் போனோம். தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டுப் புழுதி பார்த்த மனுஷன். கடலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "இத்தன தண்ணி இருந்து என்னத்துக்கு ஆச்சு? ஒரு தென்னைக்குப் பாய்ச்ச முடியுமா?" என்றார். வண்டியில் ஏறும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, உப்பை எடுக்கிற மிஷினுக்கு எத்தனை ஹெச்பி ஆகும் என்று விசாரித்தார்.

டெம்போ ஊருக்குத் திரும்பியது. நாங்கள் தங்கிக்கொண்டோம். மச்சினன், "நானும் சித்தே இருந்துட்டு வர்றன் மச்சான்" என்று இறங்கிக்கொண்டான். மறுநாள் காலையில் அவனைக் காணோம். தேடிப் போனால், கரையில் ஏற்றியிருந்த ஒரு ஃபைபர் படகுக்கு அடியில் கால் மட்டும் தெரிகிறது. படகின் வால்பக்கம் நீளக் கம்பியோடு இன்ஜின் தொங்குமே, அந்த லாங்டெயில் இன்ஜினின் ஷாஃப்ட்டை வெர்னியரால் அளந்துகொண்டிருந்தான். ஆமாம், கடலுக்கு வெர்னியர் எடுத்து வந்திருக்கிறான். "புஷ் போற இடத்துல தேஞ்சிருக்குங் மச்சான். உப்புத்தண்ணிக்கு இது தாங்காது. கன்மெட்டல் புஷ் போட்டா நிக்கும்." படகுக்காரர் பீடியை அணைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஏண்ணே, நீங்க ஊர் பாக்க வந்தீங்களா, வேல பாக்க வந்தீங்களா?" ஷாஃப்ட்டை நானும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.

இதற்கெல்லாம் நடுவில் என் மனைவி மட்டும் வந்த வேலையைச் சரியாகச் செய்தார். கோட்டைக்குப் பக்கத்தில், கடலோரமாக மாசிலாமணிநாதர் கோயில். 1306-ல் கட்டியது, முன்பக்கத்தைக் கடல் தின்றுவிட்டது. பழைய கல்லில் உப்புக்காற்று அரித்து, சிற்பங்களின் மூக்கும் விரலும் மழுங்கிக் கிடக்கின்றன. 2004 சுனாமியையும் பார்த்த கரை. அங்கே ஒரு திண்டில் மத்தியானம் வரை உட்கார்ந்திருந்தார். இந்த ஊர்க் காற்றில் ஓசோன் அதிகம், உடம்புக்கு நல்லது என்று ஒருவர் வந்து சொல்லிவிட்டுப் போனார். தரைமட்டத்து ஓசோன் நுரையீரலுக்கு ஆகாது என்று சொல்ல வாயெடுத்தேன், மனைவி கையமர்த்தினார். நல்லதோ கெட்டதோ, அந்தக் காற்று நன்றாகத்தான் இருந்தது. "ஏனுங்க, கோட்டையப் பாத்தாச்சு, சர்ச்சப் பாத்தாச்சு. இனி இங்க பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்லீங்க" என்றார். அவர் வாயால் ஒரு ஊருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு நான் கேட்டதில்லை.

ஆகவே என் தீர்ப்பு தரங்கம்பாடி. தை, மாசியில் போங்கள். ஐப்பசி, கார்த்திகையில் போனால் புயல் எச்சரிக்கையைத்தான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சித்திரையில் வெயில் உரித்துவிடும். கப்பாடுதான் என்பவர்கள் கார்த்திகைக்கு மேல் கிளம்புங்கள், ஆனி ஆடியில் அந்தக் கடல் காலை வைக்க விடாது. எங்கே போனாலும், ஊருக்குள் கடலுக்கு என்று சொல்லாதீர்கள். கோயில் பக்கம் என்று மறந்தும் சொல்லாதீர்கள். "ஒரு சோலியாப் போறமுங்க" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கள் பக்கம் அதற்கு மேல் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள், கூட வருகிறேன் என்றும் கிளம்ப மாட்டார்கள்.