மெக்கானிக்கல் கிரைண்டருக்கு நன்றி

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்துத் தெருப் பையன் ஸ்வீட் பாக்ஸோடு வந்து, கறுப்பு அட்டையில் தங்க எழுத்து பதித்த தடிமனான புத்தகம் ஒன்றைக் கையில் கொடுத்தான். உயிரியலில் நான்கு வருட ஹானர்ஸ் முடித்துவிட்டானாம். இது அவனுடைய ஆய்வேடு: வெண்நொச்சி இலைச் சாற்றின் பாக்டீரியா எதிர்ப்புத் திறன். பொருளடக்கத்தை நான் பார்க்கவில்லை, முடிவுரையைப் பார்க்கவில்லை. நேரே நன்றியுரைக்குப் போனேன். நீங்களும் அங்கேதான் போயிருப்பீர்கள். மேலிருந்து கீழாகப் படித்தேன், கீழிருந்து மேலாகவும் படித்தேன். என் பெயர் இல்லை.

இந்த ஹானர்ஸ் ஆராய்ச்சி பற்றி முக்கியமான விஷயம் ஒன்றைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்த நன்றியுரை.

முதலில் இறைவன். ஈரேழு உலகையும் படைத்தவருக்கு ஒரே வரி. அடுத்து செயலர், தாளாளர். அவர்களுக்கு நாலு வரி, 'இன்ஃப்ராஸ்ட்ரக்சர்' கொடுத்ததற்காக. பிறகு முதல்வர், துணை முதல்வர், கல்விக்கு ஒரு டீன், ஆராய்ச்சிக்கு ஒரு டீன், துறைத்தலைவர். எல்லோருக்கும் 'டீப் சென்ஸ் ஆஃப் கிராட்டிட்யூட்'. மதிப்பெண் போடும் துறைத்தலைவருக்கு மட்டும் 'டீப்பெஸ்ட்'. கைடுக்கு 'கான்ஸ்டன்ட் என்கரேஜ்மென்ட்'. நானும் தாவரவியல் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன்தான். இந்தக் கான்ஸ்டன்ட் என்கரேஜ்மென்ட் எத்தனையோ ஆய்வேடுகளில் எனக்கும் வந்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் நம்பியிருக்கிறேன்.

அப்புறம் அப்பா, அம்மா, அக்கா, மாமா, ஹாஸ்டல் நண்பர்கள், மார்ஜின் சரிசெய்து கொடுத்த ஜெராக்ஸ் கடை அண்ணன். கல்யாணப் பத்திரிகையில் ஒரு சித்தப்பா பெயர் விட்டுப்போனால் அவர் மண்டபத்துப் பக்கமே வரமாட்டார் என்று பயப்படுவோமே, அதே பயத்தோடு எழுதியது. பயப்பட்ட பிள்ளை ஜெராக்ஸ் கடை வரைக்கும் வந்துவிட்டான். இன்னும் ஒரு தெரு தாண்டியிருந்தால் எங்கள் வீடு.

அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று கேட்பீர்கள். 'மெட்டீரியல்ஸ் அண்ட் மெத்தட்ஸ்' அத்தியாயத்தைப் பாருங்கள். எங்கள் குடும்பமே அங்கே மாறுவேடத்தில் இருக்கிறது. 'இலைகள் திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் சேகரிக்கப்பட்டன.' அந்த வட்டாரம் என் வேலி. தெருவில் யாருக்குச் சளி பிடித்தாலும் ஆவி பிடிக்க இங்கேதான் நொச்சி ஒடிப்பார்கள். அதை மொட்டையடித்துக்கொண்டு போனான். 'அறை வெப்பநிலையில் நிழலில் உலர்த்தப்பட்டன.' அந்த அறை எங்கள் போர்ட்டிகோ. இலை நிழலில் காய, என் ஸ்கூட்டர் வெயிலில் காய்ந்தது. 'மெக்கானிக்கல் கிரைண்டரில் பொடியாக்கப்பட்டது.' அது என் மனைவியின் மிக்ஸி. அதற்கப்புறம் அரைத்த தேங்காய்ச் சட்னியெல்லாம் மார்புச் சளிக்கு நல்லது என்கிற வாசனையிலேயே வந்தது. இந்த வரியை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். "மிக்ஸின்னு போட்டா கௌரவம் குறைஞ்சிடுமா?" என்றாள்.

சமையலறைக்கு அறிவியல் காட்டும் மரியாதை எப்போதுமே இவ்வளவுதான். பையன் கிருமி வளர்த்த தட்டில் உறைந்திருந்தது அகார். ஜெர்மனியில் ராபர்ட் கோக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேக்கு, கிருமி வளர்க்கும் ஜெலட்டின் வெயில் நாளில் உருகி ஓடியது. அவர் மனைவி ஃபேனி, தான் ஜாமும் புட்டிங்கும் உறைய வைக்கிற அகாரைப் போட்டுப் பார்க்கச் சொன்னார். அது 1881. மறுவருடம் காசநோய்க் கிருமி பற்றி கோக் எழுதிய கட்டுரையில் அகார் வருகிறது, ஃபேனி வரவில்லை. 1887-இல் தட்டுக்கு மூடி போட்டு எழுதிய பெட்ரியின் பெயரோ தட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. இதையும் மனைவியிடம் சொன்னேன். ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

அகாருக்கான பாசியை மன்னார் வளைகுடாவில் மூழ்கி எடுக்கிற ராமநாதபுரத்துப் பெண்களை எந்த ஆய்வேடு நினைத்திருக்கிறது? அவர்கள் தூரத்தில் இருக்கிறார்கள், போகட்டும். ஆட்டோகிளேவை 121 டிகிரிக்கு ஏற்றி, கால் மணி நேரம் காவல் காத்து, தட்டில் அகார் ஊற்றிக் கொடுத்த லேப் அட்டெண்டர் பக்கத்திலேயே நின்றாரே? 'நான்-டீச்சிங் ஸ்டாஃப்' என்று அவரையும் ஆபீஸ் கிளார்க்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டிவிட்டான்.

சரி, ஆய்வின் முடிவு? மெத்தனால் சாறு ஸ்டஃபைலோகாக்கஸைக் கொஞ்சம் விரட்டியது. ஈ.கோலை அசையவில்லை. பக்கத்திலேயே வைத்த ஆன்டிபயாட்டிக் வட்டைச் சுற்றி அகலமான வெற்றிடம், நொச்சி வட்டைச் சுற்றி மெல்லிய விளிம்பு. நான் வேலையில் இருந்தபோதும் இதே விளிம்புதான். துளசி, வேம்பு, கீழாநெல்லி என்று இலை மாறும், விளிம்பு மாறாது. எதையும் கெட்டியாகச் சாறெடுத்து ஊற்றினால் கிருமி சற்று ஒதுங்கத்தான் செய்யும்.

எரிச்சல் வருவது இங்கேதான். முதல் ஆறு பருவத்திலும் சேர்த்து 75 சதவீதம் எடுத்தவர்களுக்குத்தான் நாலாம் வருட ஆராய்ச்சி என்கிறது 2022 டிசம்பரில் யு.ஜி.சி. வெளியிட்ட சட்டகம். ஆய்வேட்டுக்கு மட்டும் 12 கிரெடிட். இத்தனை வடிகட்டி எடுத்த பிள்ளையிடம், "உனக்கு என்னப்பா தெரிஞ்சுக்கணும்?" என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கள் தெரு முழுக்க வெந்நீரில் நொச்சி போட்டு ஆவி பிடிக்கிறது. அந்த ஆவியில் என்ன ஏறி வருகிறது, மூக்கடைப்புக்கு அது ஏதாவது செய்கிறதா, இல்லை வெறும் வெந்நீர் போதுமா? கேள்வி வேலியிலேயே தொங்கியது. இவன் இலையை மட்டும் பறித்துக்கொண்டு போனான். மெத்தனாலில் யாராவது ஆவி பிடிப்பார்களா?

நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதுவும் அல்ல. அது வேறு. அதற்குள் ஆய்வேட்டின் கடைசி வரி கண்ணில் பட்டது: 'ஃபர்தர் ஸ்டடீஸ் ஆர் நீடட்.' இந்த வரி இல்லாமல் முடிந்த ஆய்வேட்டை நான் பார்த்ததில்லை.

"இந்த ஃபர்தர் ஸ்டடீஸை எப்பப்பா ஆரம்பிக்கிறே?" என்று கேட்டேன்.

"அதெல்லாம் ஜூனியர்ஸ் பாத்துக்குவாங்க சார். நான் குரூப் டூ கோச்சிங் சேர்ந்துட்டேன்."