காலில் புண், காரணம் தரையில்!

கேள்வி: எங்கள் முயலின் பின்னங்கால் அடியில் முடி உதிர்ந்து தோல் சிவந்திருக்கிறது. ஏதாவது கடித்திருக்குமோ? (வாசகி, திருப்பூர்)

இரண்டு குதிகாலிலும் ஒரே இடத்தில் என்றால் கடித்தது தரைதான். நாய்க்கும் பூனைக்கும் உள்ளங்காலில் சதைத்திண்டு உண்டு. முயலுக்குக் கிடையாது, மெல்லிய தோலும் அதன்மேல் அடர்ந்த முடியும்தான் அதற்குப் பாதுகாப்பு. கம்பியிலோ சிமென்டிலோ டைல்ஸிலோ நாள் முழுக்க உட்கார்ந்தால், எடை ஒரே இடத்தில் அழுந்தி, ரத்த ஓட்டம் குறைந்து தோல் நைந்துபோகும். மூத்திர ஈரமும் சேர்ந்தால் ஸ்டெஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகள் உள்ளே போய்விடும். முற்றினால் சீழ் பிடித்து எலும்பு வரை இறங்கும். முடியில்லாத சிறு காய்ப்பு, சிவப்பும் வீக்கமும் இல்லாமல் காய்ந்திருந்தால் கவனித்து வந்தால் போதும். சிவப்பு, வெடிப்பு, பொருக்கு, ரத்தம், இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மருத்துவரிடம் போங்கள். முயல் வலியை மறைக்கும் பிராணி. அது நொண்டட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கம்பிக் கூண்டில் புழுக்கை கீழே விழுந்துவிடும், அதுதான் சுத்தம் என்று சாதிக்கிறார் என் கணவர். (வாசகி, மதுரை)

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று அவர் நிற்கட்டும். நீங்கள் நாலு காலையும் காப்பாற்றுங்கள். கம்பியின் மேல் பலகை வைத்து, அதன்மேல் காய்ந்த வைக்கோலைக் கையால் அழுத்தினாலும் பலகை தட்டுப்படாத அளவு பரப்புங்கள். நனைந்ததை அன்றன்றே மாற்றுங்கள். மூத்திரத்துக்குத் தனித் தட்டு வைத்தால் பெரும்பாலான முயல்கள் பழகிக்கொள்ளும். தினமும் சில மணி நேரமாவது வெளியே ஓடவிடுங்கள், மொசைக் தரையில் அல்ல, பாய் விரித்து.

கேள்வி: குழந்தைக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் சிரப் மீதி இருக்கிறது. ரெண்டு சொட்டு..? (வாசகர், சேலம்)

ஒரு சொட்டுகூடக் கூடாது! பென்சிலின் வகை மருந்து முயலின் வாய்வழி போனால் குடலின் நல்ல நுண்ணுயிர்கள் அழிந்து, கெட்டவை பெருகி நஞ்சு கக்கும். பேதியாகி உயிரே போகும். கிளிண்டாமைசினும் அப்படியே. முயலுக்கு ஒத்துவரும் ஆன்டிபயாடிக்கும் வலி மருந்தும் உண்டு. அளவைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். “இது முயலுக்கு ஆகுமா?” என்று அவரிடமே கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கேள்வி: மஞ்சள் பூசலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

வேண்டாம். எதைப் பூசினாலும் நக்கிவிடும். மருந்துக்கடை சலைனில் மெதுவாகக் கழுவி, ஈரம் போக ஒற்றி எடுங்கள். சுற்றியுள்ள முடியைக் கத்தரிக்காதீர்கள். மிச்சமிருக்கும் மெத்தை அதுதான். கட்டையும் மருத்துவரே போடட்டும். இறுகினால் ரத்தம் நிற்கும், நனைந்தால் புண் அழுகும்.

கேள்வி: ஒரே தரையில் இரண்டு முயல்கள். ஒன்றுக்கு மட்டும் ஏன் புண்? (வாசகர், கோவை)

அது ரெக்ஸ் இனமா பாருங்கள். வெல்வெட் போன்ற அதன் ரோமத்தில் நீண்ட காவல்முடி வளராததால் பாதத்துக்குப் பாதுகாப்பு குறைவு. இல்லையென்றால் எடையைப் பாருங்கள். ஒயிட் ஜயண்ட் போன்ற பெரிய இனங்களும், பெல்லட் தீவனம் தின்றே பருத்தவையும் இதில் சுலபமாக மாட்டும். உணவில் பெரும்பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்கட்டும். நகத்தையும் பாருங்கள்: நீண்டுவிட்டால் விரல் மேலெழும்பி பாரம் குதிகாலுக்குப் போகும். மாதம் ஒருமுறை பார்த்து, ரத்தக்குழாயைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள்.

கேள்வி: எத்தனை நாளில் ஆறும்? (வாசகி, திருநெல்வேலி)

லேசானது சில வாரங்களில். ஆழமானதற்கு மாதக்கணக்காகலாம், தரையை மாற்றாவிட்டால் ஆறியதும் திரும்ப வரும். வாரம் ஒருமுறை பாதத்தைப் பாருங்கள். மல்லாக்கப் போடாதீர்கள், மிரண்டு உதைத்தால் முதுகெலும்பே முறியலாம். ஒருவர் மார்போடு அணைத்துப் பின்பாகத்தைத் தாங்கிக்கொள்ள, இன்னொருவர் பார்க்கட்டும். வாய்க்கு நாலு கொத்தமல்லித் தழை கொடுத்தால் வேலை சுலபம்.