குழந்தை என்பது யாது? அமெரிக்க வரிச் சட்டத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வின் நோக்கம்

குழந்தை என்றால் என்ன என்று உளவியலார் சொல்லிவிட்டார்கள். கவிஞர்கள் தேவைக்கு மேலேயே சொல்லிவிட்டார்கள். வரித்துறை என்ன சொல்கிறது என்பதைத்தான் அறிவுலகம் கண்டுகொள்ளவில்லை. அக்குறையைப் போக்க எழுந்தது இக்கட்டுரை. ஆய்வுக்களம் அமெரிக்கா. மூலநூல்கள் இரண்டு: வருமான வரிச் சட்டத்தின் 129ஆம் பிரிவு, அந்நாட்டு வரித்துறையான ஐஆர்எஸ் வெளியிடும் 503ஆம் எண் கையேடு. ஆய்வுப்பொருள், அலுவலகங்களில் டிபெண்டன்ட் கேர் எஃப்எஸ்ஏ என்று வழங்கும் கணக்கு.

கருதுகோள்: குழந்தை என்பது, பெற்றோர் வேலையில் இருக்கும்போது மட்டும் செலவு வைக்கும் உயிர்.

பாயிரம்

சம்பளத்தில் ஒரு பகுதியை வரி பிடிக்கும் முன்பே ஒதுக்கி, டே கேர் செலவுக்கு எடுத்துக்கொள்ளலாம் என்பதே இக்கணக்கின் சாரம். 1986ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு 5,000 டாலர் உச்சவரம்பு விதித்தது. விலைவாசி ஏறினாலும் வரம்பு ஏறவில்லை. 2021இல் மட்டும் ஓராண்டுக்கு 10,500 ஆகி, மறுபடி பழைய இடத்துக்கே வந்தது. 1986இல் டே கேரில் தவழ்ந்த குழந்தை, 2025இல் தன் குழந்தைக்கும் அதே 5,000 டாலரைத்தான் ஒதுக்க முடிந்தது. 2026 முதல் வரம்பு 7,500. வருமான வரி 22 சதவீத அடுக்கில் உள்ள ஒருவர் முழுத்தொகையையும் ஒதுக்கினால், சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் பிடித்தங்களும் சேர்த்து ஏறக்குறைய 2,200 டாலர் மிச்சமாகும்.

இனி, தமிழ் மரபுப்படி முதல், கரு, உரி என மூன்றாகப் பகுத்து ஆராய்வோம்.

முதற்பொருள்

முதற்பொருளாவது காலமும் இடமும்.

காலம்: 13 வயது நிரம்பும்போது குழந்தைமை முடிகிறது. செவ்வாய்க்கிழமை பிறந்தநாள் என்றால், திங்கட்கிழமைச் செலவு செல்லும், செவ்வாய்க்கிழமைச் செலவு செல்லாது. தன்னைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு மட்டும் இந்த வரம்பு இல்லை. நாளுக்குள்ளும் நுண்காலம் உண்டு. அம்மாவுக்குப் பகல் வேலை. அப்பா இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறார். அந்தத் தூக்க நேரத்துக்கு ஆள் வைத்தால் கையேடு ஏற்கிறது. அதே தம்பதி பிள்ளையை ஒருவரிடம் விட்டுவிட்டு ஒருவேளை வெளியே சாப்பிடப் போனால் ஏற்பதில்லை. ஆகவே பெற்றோரின் தூக்கம் உத்தியோகத்தைச் சேர்ந்தது, சாப்பாடு உல்லாசத்தைச் சேர்ந்தது என்பது பெறப்படும்.

இடம்: கோடையில் பகல் முகாம் செல்லும், இரவு தங்கும் முகாம் செல்லாது. பகல் முகாமில் பிள்ளை கால்பந்து ஆடலாம், கம்ப்யூட்டர் கற்கலாம். கோடைப் பள்ளியும் டியூஷனும் கூடாது, அவை கல்வி. பந்தை உதைத்தால் வரிச்சலுகை, பெருக்கல் வாய்ப்பாடு படித்தால் கிடையாது. பிரீஸ்கூல் கட்டணம் பராமரிப்பு; கிண்டர்கார்டன் கட்டணம் கல்வி. ஆனால் கிண்டர்கார்டன் மணியடித்த பின் அதே கட்டடத்தில் அம்மா வரும்வரை உட்கார்ந்திருந்தால், அது மீண்டும் பராமரிப்பு.

கருப்பொருள்

வீட்டோடு பிள்ளையைக் கவனிக்கும் பணிப்பெண், சமையல்காரர் ஆகியோரின் செலவு செல்லும். தோட்டக்காரர், கார் ஓட்டுநர், மது கலந்து தருபவர் ஆகிய மூவரையும் கையேடு பெயர் சொல்லி விலக்குகிறது. விலக்கு இருந்தால் யாரோ கேட்டிருக்கிறார்கள் என்று கொள்வதே உரையாசிரியர் மரபு.

பாட்டி எங்கு அடங்குவார் எனின், இரு கூறாவார். அமெரிக்காவிலேயே சட்டப்படி வாழ்ந்து, வேலை செய்யும் உரிமை பெற்று, நம் வரிப் படிவத்தில் சார்ந்தவராகக் காட்டப்படாத பாட்டிக்குச் சம்பளம் தந்து கணக்குக் காட்டலாம். அவரும் அதை வருமானமாகக் காட்ட வேண்டும். விசிட்டர் விசாவில் ஊரிலிருந்து வந்து, ஆறு மாதம் பேரனைக் குளிப்பாட்டிச் சோறூட்டித் தூங்கவைக்கும் பாட்டி, சம்பளத்துக்கு வேலை செய்யவே கூடாது. இவரால் மிச்சமாகும் பணத்துக்கு எந்தப் படிவத்திலும் கட்டம் இல்லை. 19 வயது நிரம்பாத அக்காளுக்குத் தரும் பணமும் செல்லாது.

உரிப்பொருள்

இத்திணைக்குரிய ஒழுக்கம் இருத்தலும் இரங்கலும்.

இருத்தலாவது காத்திருத்தல். ஜூலை முகாமுக்கு இடம் பிடிக்கப் பிப்ரவரியிலேயே பணம் கட்டியாக வேண்டும். ஆனால் பணம் கட்டிய நாளைச் சட்டம் பார்ப்பதில்லை. பிள்ளையைப் பார்த்துக்கொண்ட நாளையே பார்க்கிறது. ரசீதில் குழந்தை பெயர், பராமரித்தவர் பெயர், தொகை எல்லாம் இருந்து, ‘இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை’ என்ற வரி இல்லையென்றால் க்ளெய்ம் திரும்பி வரும். அதுவரை சம்பளத்திலிருந்து கணக்கில் விழுந்த தொகைக்கு மேல் எடுக்கவும் முடியாது.

இரங்கலாவது, ஆண்டு முடிவில் செலவழியாத பணம் கைவிட்டுப் போதல். சில நிறுவனங்கள் மார்ச் 15 வரை சலுகைக் காலம் தரும், பல தருவதில்லை.

கடாவும் விடையும்

அற்றாயின், வேலை தேடும் பெற்றோர்க்குக் குழந்தை இல்லையோ எனின், உண்டு. தேடலும் வேலையாகவே கொள்ளப்படும். ஆண்டு முழுதும் ஒரு வருமானமும் இல்லாவிடில் சலுகை இல்லை. தம்பதியில் ஒருவர் முழுநேர மாணவராயின், அவர் மாதம் 250 டாலர் சம்பாதிப்பதாகச் சட்டமே கற்பித்துக்கொள்ளும்; குழந்தை இரண்டானால் 500. குழந்தை கூடினால் மாணவரின் வருமானமும் இரட்டிக்கும் என்பது பொருளியலுக்குப் புதுச் செய்தி.

முடிபு

கருதுகோள் நிறுவப்பட்டது. குழந்தையை வளர்ப்பதற்கு இச்சட்டத்தில் சலுகை இல்லை. வேலைக்குப் போவதற்காகக் குழந்தையை ஒருவரிடம் விட்டுப் போவதற்கே சலுகை. ஆயினும் கிடைப்பதை விட வேண்டியதில்லை. நிச்சயமாகச் செலவாகும் தொகையை மட்டும் ஒதுக்குங்கள். பராமரிப்பவரின் வரி எண்ணை முதல் வாரமே கேட்டு வாங்குங்கள். 2441ஆம் படிவம் அதைக் கேட்கும். அலுவலகம் ஆண்டுக்கொரு முறை திறக்கும் பதிவுக் காலத்தைத் தவறவிடாதீர்கள். விட்டால், இன்னொரு குழந்தை பிறப்பது போன்ற மாற்றம் ஏதும் இல்லாதவரை அடுத்த ஆண்டுதான்.