தூக்குக்கு இன்னும் நாள் இருக்கிறது

சட்டத் தத்துவத்தில் முதுநிலை படிக்கச் சேருகிறவர் கையில் சீக்கிரமே ஒரு கொலை வழக்கைக் கொடுத்துவிடுவார்கள். நடக்காத கொலை. ஹார்வர்டு பேராசிரியர் லான் ஃபுல்லர் 1949இல் கற்பனையாக எழுதியது. குகையில் சிக்கிய ஐவரில் நால்வர், பசி பொறுக்காமல் பகடை உருட்டி, ஐந்தாமவரைக் கொன்று தின்றுவிடுகிறார்கள். பகடை யோசனையைச் சொன்ன மனிதரே மாட்டிக்கொண்டார். மீட்கப் போன தொழிலாளரில் பத்துப் பேர் மண்சரிவில் செத்தார்கள். அந்தச் சாவு ஒரு நீதிபதியின் வாதத்துக்கு உதாரணமாகப் பயன்பட்டது, அதோடு சரி.

மீண்டுவந்த நால்வருக்கும் கீழ்க்கோர்ட் தூக்கு விதித்தது. மேல்முறையீட்டில் நீதிபதிகள் ஐவர். இருவர் தூக்கு என்றார்கள், இருவர் விடுதலை என்றார்கள். டாட்டிங் என்பவர் குழம்பிப்போய் விலகிக்கொண்டார். சரிபாதி ஆனதால் கீழ்க்கோர்ட் தண்டனை உறுதியானது.

வழக்குதான் முடியவில்லை. 1998இல் பீட்டர் சூபர் மேலும் ஒன்பது தீர்ப்புகளை எழுதிப் புத்தகமாக்கினார். மறுவருடம் ஹார்வர்டு சட்ட இதழ் பொன்விழாவே எடுத்து, நிஜ நீதிபதிகளிடமும் தீர்ப்பு வாங்கிப் போட்டது. அவர்கள் மேசையில் நிஜ வழக்குகள் தீர்ந்துபோயிருந்தன போலும்.

மாணவர் பாடுதான் திண்டாட்டம். ஐவரில் நேர்மையானவர் டாட்டிங். ஆனால் அவர் வழியில் போனால் பட்டம் கிடைக்காது. ஆய்வேட்டுக்கு முடிவுரை கட்டாயம். ஒரு ஆறுதல் உண்டு: ஃபுல்லர் குறித்த தூக்கு நாள் 4300 ஏப்ரல் 2, காலை 6 மணி. கெடு நீட்டிப்புக் கேட்டு எழுதும் கடிதத்தில் இதைத் தாராளமாக ஆதாரம் காட்டலாம்.