வீராணத்தை மெமரிக்குள் இறக்குவது எப்படி?

வடகிழக்குப் பருவமழை பிடித்துவிட்டால் சிதம்பரம், கடலூர் பக்கம் பலரும் விசாரிக்கும் எண் ஒன்று உண்டு: வீராணம் ஏரியின் நீர்மட்டம். முழுக் கொள்ளளவில் 47.5 அடி. அந்த எண் இருக்கும் இணையப் பக்கத்தைக் கோப்பில் சேமிக்காமல் நேரே மெமரிக்குள் இறக்கும் நிரலை சி மொழியில் எழுதத் துணிந்துவிட்டீர்கள். பைத்தானில் இரண்டு வரிதானே என்று பக்கத்து அறை நண்பர் சொல்வார். காதில் வாங்காதீர்கள்.

முதலில் லிப்கர்ல் வேண்டும். ஸ்வீடன்காரர் டேனியல் ஸ்டென்பெர்க் 1998இல் வெளியிட்ட கர்ல் கருவியின் நூலகம் அது. பக்கத்தை மெமரியில் வாங்கும் மாதிரி நிரலும் அதனுடனேயே கிடைக்கிறது. அதைத் திறந்துவிடாதீர்கள். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துபோனால் மீதி இரவை என்ன செய்வது?

பக்கத்தின் அளவை சர்வர் சொன்னபடியே நம்புங்கள். சில நேரம் அது அளவே சொல்லாது. சுருக்கி அனுப்பினால் சுருங்கிய அளவைத்தான் சொல்லும். அதனாலென்ன, ஆயிரம் பைட் ஒதுக்கிவிட்டு தைரியமாக இருங்கள்.

லிப்கர்ல் பக்கத்தை மொத்தமாகத் தராது. வர வரத் துண்டு துண்டாக, வழக்கமாக ஒரு தடவைக்கு அதிகபட்சம் 16,384 பைட், உங்கள் கால்பேக் ஃபங்ஷனிடம் கொடுக்கும். முந்தைய துண்டின் வாலில் அடுத்ததை ஒட்டுவது கோழைகளின் வழி. நீங்கள் ஒவ்வொரு துண்டையும் வந்த கையோடு திரையில் அச்சிடுங்கள். யுனிகோடு யுடிஎஃப்-8இல் ‘கடலூர்’ நான்கு எழுத்து, ஆனால் 18 பைட். ‘சிதம்பரம்’ ஆறு எழுத்து, 27 பைட். துண்டின் விளிம்பு ‘லூ’வின் நடுவில் விழுந்தால் கடலூர் சிதறிப் பெட்டி பெட்டியாகத் தெரியும். எழுத்துருவைத் திட்டிக்கொள்ளலாம்.

இடம் போதாவிட்டால் ரீஅல்லாக். அது தருவதைப் பழைய பாயிண்டரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மெமரி கிடைக்காதபோது அது தருவது நல். பழைய முகவரியும் அதோடு போச்சு. திரையை விலக்கினால் வெறும் வெளி. சிதம்பரத்துக்காரருக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் ஒரு சுழிய பைட் வைத்து முடிக்க வேண்டும், லிப்கர்ல் அதை வைக்காது. ஒரு பைட்தானே, மிச்சம் பிடியுங்கள். கால்பேக்கிலிருந்து எத்தனை பைட் வாங்கினோம் என்று திருப்பிச் சொல்வதும் வீண் சம்பிரதாயம். சொல்லாவிட்டால் பிழை எண் 23 வந்து இறக்கம் பாதியில் நிற்கும், அவ்வளவுதான்.

இனி மகுடமான தவறு. பக்கமே இல்லை என்று சர்வர் 404 சொன்னாலும், தனியாகக் கேட்டு வைக்காதவரை, லிப்கர்ல் வேலை வெற்றி என்றே சொல்லும். அந்தப் பிழைப் பக்கமும் ஒழுங்காக மெமரிக்குள் இறங்கும். அதில் முதலில் கண்ணில் படும் எண்ணை எடுத்து, ‘வீராணம் 404 அடி’ என்று காட்டுமன்னார்கோவில் வாட்ஸ்அப் குழுக்களுக்கு அனுப்புங்கள்.

விளையாட்டு இங்கேயே நிற்கட்டும். மழைநாளில் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு வயலுக்கு ஓடுகிறவர்கள் உண்டு. ஹெச்டிடிபி நிலை எண் 200தானா என்று பார்க்காமல் எதையும் யாருக்கும் அனுப்பாதீர்கள்.