கத்திரி வெயிலில் அப்பாவைச் சந்தோஷப்படுத்துவது எப்படி?

பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சு. மே 4-ல் கத்திரி. வீட்டில் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சரியாக வராத அப்பா. தாராபுரத்திலிருந்து கம்பெனி பஸ் ஏறி, திருப்பூரில் ஒன்றரை ஷிப்ட் பார்த்து, ராத்திரி வீடு வந்து அவருக்குச் சோறு ஊட்டுகிற உங்களுக்கு ஞாயிறு ஒன்றுதான் மிச்சம். அந்த ஒரு நாளை அவரோடு ஜாலியாகக் கழிக்க வேண்டும், அவ்வளவுதானே? கவலையை விடுங்கள். கீழே சொல்வதில் பாதியை ஏற்கெனவே நன்றாகச் செய்துகொண்டிருக்கிறீர்கள். மீதியும் கைவந்துவிடும்.

1. அப்பாவிடம் கேட்காதீர்கள். எங்கே போவது என்பதைச் சனிக்கிழமை சம்பளம் வாங்கிய தெம்பில் நீங்களும் மச்சானும் முடிவு செய்யுங்கள். கொடைக்கானல் என்றால் 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். வண்டி நம்பர் கேட்பார்கள், எத்தனை பேர் என்று கேட்பார்கள். பெரியவருக்கு வர இஷ்டமா என்று கேட்கிற கட்டம் அதில் கிடையாது. அரசாங்கமே கேட்காததை உங்களுக்கு என்ன?

2. பகல் பதினோரு மணிக்குக் கிளம்புங்கள். விடிகாலை ஐந்துக்கு ஊரே குளுகுளுவென்று இருக்கும், அப்பாவும் அந்நேரம் விழித்துத்தான் கிடப்பார். கிடக்கட்டும். பூரி சுட்டு முடிய வேண்டாமா?

3. தண்ணீர் கொடுக்காதீர்கள். கொடுத்தால் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்வார். வயசானால் தாகம் எடுப்பதே குறைந்துவிடும், அதனால் அவராகவும் கேட்க மாட்டார். உங்களுக்கு வசதி. பிரஷருக்கு நீர் பிரிகிற மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இன்னும் சீக்கிரம் வற்றுவார். உடம்பு கொதித்து, பேச்சு முன்னுக்குப் பின் வந்தால் 108-ஐக் கூப்பிடாமல், ‘வெளியே வந்த சந்தோஷத்துல உளர்றாரு’ என்று பின்சீட்டுக்குச் சொல்லுங்கள். அப்புறம் ரோட்டோரம் இளநி கண்ணில் பட்டதும் பாசம் பொங்கி, கிட்னி சரியில்லை, பொட்டாசியம் ஆகாது என்று டாக்டர் எச்சரித்த அதே மனுசனுக்கு இரண்டு காய் வெட்டிக் கொடுங்கள்.

4. இன்சுலினை டேஷ்போர்டில் வையுங்கள். வெயில் நன்றாகப் படுகிற பக்கம்.

5. கொடைக்கானல் தள்ளிப்போனால் பழனி இருக்கிறது, பக்கம்தான். ரோப் கார் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்கு நிற்கும், காற்று பலமாக அடித்தாலும் நிறுத்துவார்கள். எனவே ஒரு போன் போட்டு விசாரிக்காமல் போங்கள். நின்றிருந்தால் விஞ்ச் வரிசையில் நில்லுங்கள். அப்பா ‘கீழயே கும்பிட்டுக்கிறேன் சாமி’ என்பார். ‘இத்தன தூரம் வந்துட்டு?’ என்று கேளுங்கள். வந்தது அவர் இஷ்டத்துக்கா என்ன?

6. மறு வாரம் அமராவதி அணை, முதலைப் பண்ணை. கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப்போட்டே வருகிற அப்பாவுக்கு முதலை காட்ட இதைவிட நல்ல சமயம் வராது. மத்தியான வெயிலில் முதலை வாயைப் பிளந்து கிடக்கும். கோபம் இல்லை, உடம்புச் சூட்டை அப்படித்தான் தணித்துக்கொள்கிறது. தாங்கவில்லை என்றால் தண்ணிக்குள் போய்விடும். அதைக் கூட்டிக்கொண்டு டூர் போக ஆள் இல்லை, பாவம்.

7. போட்டோ முக்கியம். ‘சிரிங்கப்பா’ என்று நாலு தரம் சொல்லுங்கள். வாய் ஒரு பக்கம்தான் ஏறும், ஏறும்வரை விடாதீர்கள். கடைவாயில் ஒழுகுவதைத் துடைக்க அவர் தோளில் கிடக்கும் பனியன் வேஸ்ட் துணியைப் படத்துக்கு மட்டும் உருவிவிடுங்கள். திருப்பிக் கொடுத்ததும் மடியில் வைத்து, இடது கையாலேயே ஓரத்தோடு ஓரம் சேர்த்து, தேய்த்து மடிப்பார். இருபது வருசம் கம்பெனியில் மடிப்பு வேலை பார்த்த கை. அதைக் கவனிக்காதீர்கள். கவனித்தால், பேரப்பிள்ளைகளோடு திண்ணையில் உட்கார வைத்து ஒரு கூடைத் துணியை முன்னால் போடலாமே என்று தோன்றிவிடும். பிள்ளைகளும் அவரோடு போட்டிக்கு மடிக்கும். அதையெல்லாம் குடும்ப குரூப்பில் டூர் என்று போட முடியுமா?

8. பெங்களூர்த் தம்பி லீவில் வந்து, ‘ரெண்டு நாள் நான் பாத்துக்கறேன், நீ தூங்குக்கா’ என்றால் ஏமாந்துவிடாதீர்கள். எந்த மாத்திரை எந்த வேளை என்று ஒரு தாளில்கூட எழுதி வைக்காதீர்கள். எழுதினால் யார் வேண்டுமானாலும் கொடுத்துவிடுவார்கள், உங்கள் பெருமை என்னாவது? தூங்காமல் இருந்து, அவன் ஊருக்குப் போனதும் ‘எட்டிக்கூடப் பாக்கல’ என்று சித்தியிடம் சொல்லி அழுங்கள். பாண்டவர்கள் அஞ்ஞாதவாசம் இருந்தது நம்ம தாராபுரத்தில்தான் என்று கதை உண்டு. அவர்களுக்கு ஒரு வருசக் கெடு. உங்களுக்கு அதுவும் வேண்டாம்.

9. 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஆட்கள் பிரஷர், சுகர் மாத்திரையோடு வாசலுக்கே வருவார்கள். கையைக் காலை எப்படி அசைக்க வைப்பது என்று பிசியோதெரபிக்காரர் காட்டுவார். தலையை ஆட்டி அனுப்பிவிடுங்கள். நடை பழகினால் அப்பா தானாக வாசலுக்கு வந்துவிடுவார்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. கத்திரி 28-ஆம் தேதியோடு முடியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இந்தப் பக்கம் திரும்பி, காற்றாலைகள் சுற்ற ஆரம்பிக்கும். அந்தச் சமயம் ஒரு ஞாயிறு பாக்கி இருந்தால், சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தப்பித்தவறிக்கூட ‘எங்கப்பா போலாம்?’ என்று கேட்டுவிடாதீர்கள். ‘வேப்பமரத்தடிக்குக் கட்டில எடுத்துப் போடு சாமி’ என்பார். பக்கத்தில் உங்களையும் உட்காரச் சொல்வார்.